குண்டுவீச்சு விமானத்துக்கு வைத்த பொட்டு

போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினார். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில், கயிற்று வேலிக்குள், நான்கு இன்ஜின்களோடு நிற்கும் பழைய குண்டுவீச்சு விமானத்தின் படம். இனி இது பறக்காது என்று கீழே போட்டிருந்தது. "சார், இது மெட்ராஸுக்கு வந்துச்சாமே? நீங்க அதுல ஏறிப் போனீங்களாமே?" என்று கேட்டீர்கள். நான் கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். வாயால் சொல்ல வராததை எழுதித் தருகிறேன். படித்துவிட்டு அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் எழுதுகிற மாதிரி எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனால் நான் வேலை பார்த்த விமானக் கம்பெனியை மூடிவிட்டார்கள். விமானங்களை நிறுத்திப் பழுதுபார்த்த ஹேங்கர் கைமாறிவிட்டது. தியாகராய நகரில் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில், கீழே எவர்சில்வர் குடங்கள் உருளும் சத்தத்துக்கு நடுவே, உங்களுக்கு விமானப் பராமரிப்புப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஆகவே ஓய்வு பெற்றவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் துணி வெளுக்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விமானப் பராமரிப்புப் படிப்பை முடித்து, லைசென்ஸ் வாங்கி, என் எண் பொறித்த ஒரு ரப்பர் முத்திரையைக் கையில் வாங்கிய நாளில் அப்பா அதைத் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்தார். நான்கு நாள் அந்த மை போகாமல் பார்த்துக்கொண்டார். சோப்புத் தண்ணீரில் நிற்கிறவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

விமானம் வந்தது ஒரு புரட்டாசி மாதம், ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்பு. உலகப் போரில் குண்டு போட்ட விமானம். போர் முடிந்ததும் ஏதோ ஒரு மைதானத்தில் கைவிடப்பட்டுக் கிடந்ததைச் சிலர் சேர்ந்து பல வருஷம் உழைத்துப் பறக்க வைத்திருந்தார்கள். நாடு நாடாகப் போய்க் காட்டிக்கொண்டிருந்தார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும்போது மூன்றாவது இன்ஜினில் எண்ணெய் கசிந்தது. எங்கள் ஹேங்கரில் இடம் இருந்ததால் உள்ளே இழுத்து வைத்தோம். கேப்டன் அறுபது வயது வெள்ளைக்காரர். துணை விமானி ஒருவர், பெண் மெக்கானிக் ஒருவர். மொத்தமே மூன்று பேர்தான்.

வந்த மறுநாளே எங்கள் ஆட்கள் அதன் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். காரணம், அது தட்டியது.

விமானங்களை இழுக்கும் டிராக்டரை ஓட்டும் முனுசாமி அண்ணன்தான் முதலில் வந்து சொன்னார். பகல் பதினோரு மணி இருக்கும்.

"தம்பி, அதுக்குள்ள ஆள் கீறான்."

"யாரும் இல்லண்ணா. மூணு பேரும் ஓட்டல்ல இருக்காங்க. தகடு சூடேறுது, அதான்."

"தகடு சூடேறுனா டப்பு டப்புன்னும். இது கதவத் தொறன்னு தட்டிக்கினு கீது. காதை வெச்சிக் கேளு, படிச்சவனே."

படித்தவன் போய்க் காதை வைத்தேன். உலோகம் குளிர்ந்திருந்தது. காதை வைத்ததும் சத்தம் நின்றது. எடுத்ததும் தொடங்கியது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. மெல்லிய தகட்டில் தலையை அழுத்தினால் அதன் துடிப்பு நிற்கும் என்று இன்று உங்களுக்கு நான் வரைபடம் போட்டே விளக்குவேன். அன்று அது எனக்குத் தோன்றவில்லை. யாரோ, நான் காதை வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டு அமைதியானார்கள் என்றுதான் தோன்றியது.

என்னோடு வேலை பார்த்த சீனு மயிலாப்பூர்க்காரன். அவன் ஒரு கதை சொன்னான். "இது வந்து எறங்கறதுக்கு முன்னாடி ஊர் மேல ஒரு சுத்து சுத்தித்தோல்லியோ? எங்காத்துல அம்மா அடுப்பை அணைச்சுட்டு, ஜன்னலையெல்லாம் சாத்திண்டு, கூடத்துல தரையில உக்காந்துண்டுட்டா. பட்டப்பகல்டா! என்னம்மான்னு கேட்டா, வெளிச்சம் வெளில தெரியப்படாது, பேசாம இருங்கறா. யுத்த சமயத்துல, எட்டு வயசுல கேட்ட சத்தமாம் அது."

சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

எண்ணெய்க் கசிவைச் சரிசெய்தபின் இன்ஜின்களை ஓட்டிப் பார்த்தார்கள். நானும் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விமானிகளுக்குப் பின்னால் நின்றேன். அந்த விமானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஜினைக் கிளப்புமுன் கேப்டன் ஒவ்வோர் இடமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூக்கு, மேல்கூண்டு, நடு உடல், வால். போர்க்காலத்தில் அங்கெல்லாம் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தார்கள். இப்போது யாரும் இல்லை. ஆனாலும் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிற அளவுக்கு, ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். பிறகு அடுத்த இடம்.

மூக்கில் பதில் இல்லை. மேல்கூண்டிலும் நடு உடலிலும் இல்லை. "வால்?" என்றார் கேப்டன்.

ஹெட்போனில் க்ளிக், க்ளிக் என்று இரண்டு முறை கேட்டது. பேசுகிற பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டால் வரும் சத்தம். கேட்டுக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தம்.

நான் மெக்கானிக் அம்மாவைப் பார்த்தேன். "பழைய வயர்" என்று வாயசைத்தார். கேப்டன் முதல் இன்ஜினைக் கிளப்பினார். ஓட்டிப் பார்த்து முடிந்ததும் நான் குனிந்து தவழ்ந்து வால் வரைக்கும் போனேன். ஒடுங்கிய இருக்கை. பக்கத்தில் ஒரு ஹெட்போன் ஆணியில் தொங்கியது. அதன் செருகி எதிலும் செருகப்படவில்லை. மேலே மெல்லிய தூசி படிந்திருந்தது. நான் அதைத் தொடாமல் வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆயுத பூஜையன்று, அந்த விமானத்துக்கும் பூஜை போடாமல் அதை இனி இழுக்கமாட்டோம் என்று முனுசாமி அண்ணன் தலைமையில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கேப்டனிடம் விஷயத்தை எப்படியோ புரியவைத்தோம். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "இவளுக்கு யார் ஆசீர்வாதம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள்" என்றார்.

நம் ஊர் ஹேங்கரில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அடுத்த மாதம் தெரிந்துகொள்வீர்கள். ஸ்பானர், டிரில், கம்ப்ரஸர், டிராக்டர், நிற்கிற விமானங்கள் என எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். கிண்ணத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஒரு வேகம் வந்துவிடும். எங்கே ஒரு வட்டம் தெரிந்தாலும் விரல் தானாகப் போகும்.

குண்டுவீச்சு விமானத்துக்குப் பொட்டு வைத்தவன் நான். மூன்று சக்கரம், நான்கு புரொப்பெல்லர், மூக்கு, கதவு. ஒன்பது. விமானிகளின் ஜன்னலுக்குக் கீழே, வண்ணம் பூசாமல் பளபளவென்று மெருகேற்றிய காசளவு தகடு ஒன்று இருந்தது. நெற்றி மாதிரி இருந்தது. பத்தாவது பொட்டு அதில் வைத்தேன்.

அதன் நடுவில் ஊசி முனையளவு துளைகள் இருந்தன. வெளிக்காற்றின் அழுத்தத்தை உயரம் காட்டும் கருவிக்குக் கொண்டுபோகிற ஸ்டாட்டிக் துளைகள். இப்போதைய விமானங்களில் அதைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டு, அடைக்காதே என்று எழுதியிருக்கும். இதிலோ போர்க்காலத்தில் இருந்தபடியே வேண்டும் என்று எழுத்து எதுவும் எழுதாமல் விட்டிருந்தார்கள். ஆனால் எழுதவில்லை என்பது எனக்குச் சாக்கு இல்லை. அந்தத் துளையைப் பற்றிப் பரீட்சையில் பத்து மதிப்பெண் வாங்கியவன் நான்.

பொட்டு வைத்தது பெரிய தப்பு இல்லை. மறுநாள் காலை, பறக்குமுன், அதைத் துடைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. ஈரத்துணியை விரலில் சுற்றி, பத்து இடத்தையும் எண்ணி எண்ணித் துடைத்தேன். அந்தத் தகட்டைக் கொஞ்சம் அழுத்தியே துடைத்தேன். மேலே இருந்த சந்தனம் துணியில் வந்தது. மிச்சத்தை என் கட்டைவிரல் உள்ளே தள்ளிவிட்டது. தகடு முன்னைவிடப் பளபளத்தது. கேப்டன் விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தார். பொட்டு அப்படியே இருந்திருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும். நான் சுத்தமாகத் துடைத்ததால் படவில்லை. வெளிப்புறச் சோதனை முடிந்தது என்று தாளில் என் முத்திரையைக் குத்தினேன்.

அன்று விஜயதசமி. கடற்கரை மேல் பறந்து காட்டிவிட்டு வருவதாக ஏற்பாடு. வேலை செய்து கொடுத்ததற்காக எங்களில் இரண்டு பேரை அழைத்துப் போகிறேன் என்றார் கேப்டன். சீனுவுக்கு டியூட்டி. "அண்ணா, நீங்க வாங்க" என்றேன் முனுசாமி அண்ணனிடம்.

"எனக்கு ரெண்டு பொண்ணு கீது. நீ போ நைனா. உள்ள கீறவன கேட்டன்னு சொல்லு."

நான் மட்டும் ஏறினேன். என்னை நடு உடலில், பக்கவாட்டு ஜன்னல் அருகே உட்காரவைத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது நடு உடலுக்கு நான் பதில் சொன்னேன். வால் என்றதும் க்ளிக், க்ளிக். இந்த முறை எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில்தான் அந்த இருக்கை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அடையாறு கடலில் கலக்கிற இடம் பழுப்பும் நீலமுமாகத் தெரிந்தது. நந்தனத்து மைதானங்கள் கைக்குட்டை மாதிரி. மயிலாப்பூர்க் குளம் ஒரு கண்ணாடித் துண்டு. சீனுவின் அம்மா இப்போது எந்தக் கூரைக்குக் கீழே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாரோ என்று ஒரு கணம் தேடினேன். தெருக்களில் புள்ளி புள்ளியாக மனிதர்கள். ஒருவரும் நடக்கவில்லை. எல்லோரும் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சத்தத்தில் கீழே ஊர் முழுக்க ஊமையாகிவிட்டது போலிருந்தது. வேடிக்கைக்குப் பறக்கும் விமானத்தைப் பார்க்கிற கூட்டம் கையசைக்கும். இவர்கள் கையசைக்கவில்லை.

ஏறும்போதே கேப்டனின் குரல் கேட்டது. "உயரமானி இன்று சோம்பேறியாக இருக்கிறது." கண்ணாடியைத் தட்டினார். பழைய கருவி, மெதுவாக ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டார். நானும் கேட்டேன். புன்னகைத்தேன். என் இரண்டாவது தப்பு அது. காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

கடற்கரைக்கு மேல் இரண்டு சுற்று முடிவதற்குள் தெற்கிலிருந்து மேகம் வந்து மூடிவிட்டது. கீழே ஊரே இல்லை. வெறும் வெள்ளை. கேப்டன் திரும்பிவிடலாம் என்றார். மேகத்துக்குள் மெல்ல இறங்கி, ஆயிரம் அடியில் சமன்செய்து, மேகம் விலகியதும் ஓடுபாதையைப் பிடிப்பது திட்டம். ஜன்னலுக்கு வெளியே இறக்கை நுனிகூடத் தெரியவில்லை. துணை விமானி உயரம் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரத்து நானூறு. ஆயிரத்து முந்நூறு."

உள்ளே குளிர ஆரம்பித்தது. தகடு தட்டியது. மூன்று தட்டு, இடைவெளி, மூன்று.

"ஆயிரத்து இருநூறு."

அப்போது மேகத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. ஒரு வீட்டுக் கதவு அகலம்தான் இருக்கும். அதற்குள் ஆறு தெரிந்தது. கரை தெரிந்தது. எங்கள் சலவைத் துறை. ஆஸ்பத்திரிப் பச்சை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. துவைக்கிற கல் தெரிந்தது. கல்லின் மேல் சோப்பு நுரை தெரிந்தது.

ஓட்டை மூடிக்கொண்டது.

பிறந்ததிலிருந்து அந்தக் கல்லைப் பார்க்கிறவன் நான். சைதாப்பேட்டைப் பாலத்திலிருந்து பார்த்திருக்கிறேன், மாடி மேலிருந்து பார்த்திருக்கிறேன். ஆயிரத்து இருநூறு அடியிலிருந்து நுரை தெரியாது. நாங்கள் அதில் பாதிகூட இல்லை. கருவி பின்தங்கி வந்துகொண்டிருந்தது. ஏறும்போது குறைத்துக் காட்டியது, இறங்கும்போது கூட்டிக் காட்டுகிறது. துளை முழுக்க அடைபடவில்லை, காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. எந்தத் துளை? பளபளத்த தகடும் என் கட்டைவிரலும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன.

சைதாப்பேட்டைக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில் பரங்கிமலை இருக்கிறது. சின்ன மலைதான். முந்நூறு அடி. எங்களுக்குப் போதும்.

பேசுகிற பொத்தான் என் கையில் இருந்தது. நான் அழுத்தவில்லை.

இதைத்தான் நான் வகுப்பில் சொல்லாமல் தவிர்த்துவந்தேன். பயத்தில் உறைந்துபோனேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். நான் உறையவில்லை. தெளிவாக யோசித்தேன். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். என் முத்திரை தாளில் இருக்கிறது. லைசென்ஸ் போய்விடும். கேப்டனே அந்த ஓட்டையைப் பார்த்திருப்பார், அவரே மேலே தூக்குவார், நான் சொல்லவேண்டிய அவசியம் வராது. உயிர் போகிற நேரத்தில் மனுஷ மனம் இப்படியா கணக்குப் போடும் என்று கேட்பீர்கள். போட்டது.

"ஆயிரத்து நூறு" என்றார் துணை விமானி.

க்ளிக், க்ளிக்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கேட்டுக்கொண்டேன் என்று சொல்ல எதுவும் இல்லை. மறுபடி க்ளிக், க்ளிக். பின்னால் தோளுக்குப் பக்கத்தில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அவசரப்படுத்துகிற மாதிரி, இடைவெளி குறைந்துகொண்டே, க்ளிக் க்ளிக் க்ளிக்.

நான் அழுத்தினேன். என் ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. "கேப்டன்! ஹைட் ராங்! ஐ சீ சோப்! சோப் ஆன் ஸ்டோன்! ஸ்டாட்டிக் ஹோல் பிளாக், ஐ புட் சாண்டல், மீ, ஐ புட்!"

அந்த மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான்கு இன்ஜின்களும் ஒரே நேரத்தில் அலறின. தரை என்னைக் கீழிருந்து அழுத்தியது. முன்னால் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. மெக்கானிக் அம்மா டார்ச்சின் அடிப்பக்கத்தால் ஏறும் வேகம் காட்டும் கருவியின் கண்ணாடியை அடித்து உடைத்தார். உயரமானியும் அதே குழாயில்தான் இணைந்திருக்கிறது. துளை அடைத்தால் உள்ளேயிருக்கிற காற்றையாவது அந்த வழியே குழாய்க்குள் விடவேண்டும், கிட்டத்தட்டச் சரியாகக் காட்டும். காரணம் தெரிந்ததால்தான் அவர் எதை உடைப்பதென்று தெரிந்து உடைத்தார். உயரமானியின் ஊசி விழுந்தது. துணை விமானி ஒரு எண்ணைப் படிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

என் ஜன்னலில் மேகம் கறுத்தது. கறுப்பு பச்சையானது. மரங்கள், அப்புறம் மலைக்கு ஏறுகிற படிக்கட்டு. படியில் ஒருவர் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். அவர் தலையை நிமிர்த்தவில்லை. நேராகப் பார்த்தார்.

பிறகு வெள்ளை.

பத்து நிமிஷம் கழித்து மீனம்பாக்கத்தில் இறங்கினோம். இன்ஜின் நின்றதும் கேப்டன் ஏணி போட்டு ஏறி, குண்டூசியால் அந்தத் துளையைக் குத்தினார். காய்ந்த மஞ்சள் துணுக்கு ஒன்று வந்தது. மூக்கருகே கொண்டுபோனார். "நல்ல வாசனை" என்றார்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்குத் தெரிந்ததற்கும் நீ சொன்னதற்கும் நடுவில் எத்தனை நொடி?"

"அஞ்சு இருக்கும் சார்."

"அஞ்சு நொடியில் நாம் எவ்வளவு தூரம் போனோம் என்று வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்."

போட்டுப் பார்த்தேன். முந்நூற்றைம்பது மீட்டருக்கு மேல். நீங்களும் போட்டுப் பாருங்கள். நம் மாடியிலிருந்து பஸ் நிலையம் வரை அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு கண்ணை மூடி ஓடுவதற்குச் சமம்.

அந்தக் க்ளிக் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். "கிளம்பும்போது கேட்டது. மேகத்துக்குள் எனக்கு எதுவும் கேட்கவில்லை. மூன்று பேருக்குமே கேட்கவில்லை" என்றார்.

மத்தியானம் எங்கள் ஹேங்கர் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். நல்ல மனிதர். என்னை வேலைக்கு எடுத்தவர்.

"குளவின்னு எழுதுய்யா. துளைல குளவி கூடு கட்டிடுச்சு, அவ்ளோதான். ஊர் ஊரா சுத்தற பிளேன், எந்த ஊர்க் குளவின்னு யார் கேக்கப் போறா? குளவிக்கு லைசென்ஸ் கெடையாது. உனக்கு இருக்கு."

"கேப்டனுக்குத் தெரியுமே சார்."

"அவரு நாளன்னிக்கு சிலோன் போயிடுவாரு. நீ இங்கதான இருக்கணும்? நாளைக்குக் காலைல கொண்டா."

அன்று சாயங்காலம் துறைக்குப் போனேன். அப்பா விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"காலைல ஒரு பிளேன் போச்சுடா. தலை மேலயே. மேகத்துல ஒண்ணும் தெரியல, சத்தம் மட்டும். கல்லே ஆடிப்போச்சு. ஓட்னவன் கண்ணு தெரியாதவனா இன்னா?"

"அதுல நானும் இருந்தேம்பா. ஓட்டுனவர் கண்ணைக் கட்டி விட்டது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "எழுதிக் குடுத்துட்டியா?" என்றார்.

"நாளைக்குக் குடுக்கணும்."

"வேற மாதிரி எழுதலாமா?"

"எழுதலாம். யாருக்கும் தெரியாது."

விரிப்பின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்தார். "உனக்குத்தான் எழுதத் தெரியும்" என்றார். "எனக்கு இன்னா தெரியும்."

ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் மனசாட்சி என்று சொல்லமாட்டேன். வேறு ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. அதே பூஜையில் எங்கள் கம்பெனியின் இரண்டு விமானங்களும் நின்றன. அவற்றில் பொட்டு வைத்தது யார்? துடைத்தது யார்? இரண்டும் பூஜைக்கென்று நிறுத்தி வைக்கப்பட்டவை. ஒன்று மறுநாள் காலை மதுரைக்குப் பயணிகளோடு கிளம்பவேண்டும். குளவி என்று நான் எழுதினால் அவற்றை யாரும் பார்க்கப்போவதில்லை. சிவப்பு வளையம் போட்டிருக்கும், உண்மைதான். ஆனால் சிவப்பு வளையத்துக்கு நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

விடிந்ததும் முதல் பஸ். பொறுப்பாளர் வருமுன் சீனுவைப் பிடித்தேன். "மதுரை விமானத்தோட ஸ்டாட்டிக் துளையை ஊசி போட்டுப் பாக்கணும். இப்பவே."

"அதெல்லாம் நான் நேத்தே பாத்துட்டேன்டா. பளபளன்னு இருக்கு."

"பளபளன்னு இருந்தா பயமா இருக்குடா."

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏணியை எடுத்துவந்தான். இடப்பக்கத்தில் ஒன்றுமில்லை. வலப்பக்கம், இரண்டாவது துளையில் ஊசி நின்றது. வெளியே எடுத்தபோது நுனியில் மஞ்சள். சீனு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தப் பொட்டை வைத்தது தான்தான் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வைத்தவனுக்கே ஞாபகம் இருக்காது.

நான் வெள்ளைத்தாளில் சந்தனம் என்று எழுதினேன். யார் வைத்தது, யார் துடைத்தது, யார் முத்திரை. ஐந்து நொடியையும் எழுதினேன். பொறுப்பாளர் படித்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றார். அப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

லைசென்ஸ் அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். என் தாளை இரண்டு முறை படித்தார். அலமாரியைக் காட்டினார்.

"அதுல குளவி கேஸ் மட்டும் ஒரு கட்டு இருக்கு தம்பி. வருஷா வருஷம் வருது. பெரும்பாலும் அக்டோபர்ல." "ஏன் அக்டோபர்லன்னு இத்தனை நாள் எனக்குப் புரியவேயில்லை."

அலமாரியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறு மாதம் முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதமும் அப்பாவோடு துறையில் நின்றேன். அந்தக் குண்டுவீச்சு விமானம் கிளம்பிப் போனதை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டேன். அடுத்த ஆயுத பூஜையிலிருந்து எங்கள் ஹேங்கரில், கிண்ணத்தை எடுக்குமுன் எல்லாத் துளைக்கும் சிவப்பு நாடா தொங்குகிற மூடி போட்டோம். பொட்டு வைக்கிறவன் பெயரும் எத்தனை பொட்டு என்பதும் பலகையில். வைத்தவன்தான் எடுக்கவேண்டும். துடைக்கக்கூடாது, சுரண்டி எடுக்கவேண்டும். முனுசாமி அண்ணன் தன் டிராக்டருக்கே கணக்கு எழுதினார்.

முத்திரை திரும்பி வந்த அன்று எனக்குக் கிடைத்த முதல் விமானம் அதே மதுரை விமானம். பயணிகள் ஏறத் தயாராகப் பக்கத்தில் ஒரு பஸ்ஸில் இருந்தார்கள். சீனு சுற்றிப் பார்த்துவிட்டுத் தாளை நீட்டினான். "நான் பாத்தாச்சு. குத்து."

"நான் பாக்கலையே."

ஏணியை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சுற்றினேன். ஒவ்வொரு துளையிலும் கண்ணை வைத்தேன். வெயில் ஏறியது. இருபது நிமிஷம் தாமதம். பொறுப்பாளர் தூரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் வந்து எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் காத்திருந்த பயணிகளில் ஒருவர், வேட்டி சட்டையில் பெரிய மனிதர், இறங்கியே வந்துவிட்டார். கூட ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, அப்டி இன்னாதான் தேடினு கீற? ஏதாவது தொலைச்சிட்டியா? இது கெளம்புமா கெளம்பாதா?"

தாளை ஏணியின் மேல் வைத்து முத்திரையைக் குத்தினேன். மை நன்றாகப் பதிந்தது.

"கெளம்பும் சார்" என்றேன். "பாத்துட்டேன்."